நாற்பத்தைந்துக்குப் பிறகு எழுதுவது

நடுவயதில் எழுதுகிறவர்களிடம் எது போதவில்லை என்று கேட்டால் நேரம் என்றுதான் பதில் வரும். அப்பாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை, மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, வீட்டுக் கடன், அலுவலகத்தில் மார்ச் கணக்கு, ஊரில் ஒரு துக்கம். ஆனாலும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு நான்கு மணி நேரமாவது பலருக்குத் தேறும். தேறாதது தொடர்ச்சி. இருபத்தைந்து வயதில் பாதியில் விட்ட கதைக்கு மறுநாள் இரவே திரும்பிவிடலாம். இந்த வயதில் திரும்பி வரும்போது மூன்று வாரம் ஓடியிருக்கும், கதையின் குரல் காதைவிட்டுப் போயிருக்கும். ஆகவே இங்கே பேசும் ஏற்பாடுகள் எல்லாம் ஒரே கேள்விக்கான பதில்கள்: அறுந்த இடத்துக்குத் திரும்பி வருவதை எப்படிச் சுலபமாக்குவது?

இடைவெளி விழுந்துவிட்டதே என்று மனம் தளர வேண்டியதில்லை. அ. முத்துலிங்கத்தின் முதல் தொகுப்பு 1964இல் வந்தது. அடுத்தது 1995இல். இடையில் கணக்காளர் வேலை, ஐ.நா. பணி, நாடு மாறி நாடு குடியிருப்பு. இன்று தமிழ் வாசகர்கள் கொண்டாடும் முத்துலிங்கம் பெரும்பாலும் அந்த இரண்டாவது வருகையில் எழுதியவர். கி. ராஜநாராயணன் எழுத வந்ததே முப்பத்தைந்தை ஒட்டித்தான். 'கோபல்ல கிராமம்' வெளியானபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். நாகர்கோவிலில் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொண்டே எழுதிய சுந்தர ராமசாமியின் முதல் நாவலுக்கும் இரண்டாவதற்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். இரண்டாவது வந்த 1981இல் அவருக்கு ஐம்பது வயது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 300 சொற்கள், வாரத்தில் ஐந்து நாள். வாரத்துக்கு 1,500 சொற்கள். நாற்பது வாரத்தில் 60,000. டெம்மி அளவில் அச்சிட்டால் ஏறக்குறைய 250 பக்க நாவல். ஆண்டின் மீதிப் பன்னிரண்டு வாரத்தைத் திருவிழாவுக்கும் காய்ச்சலுக்கும் தேர்வுக்கும் மருத்துவமனைக்கும் விட்டுவிடலாம். 300 சொற்கள் என்பது பழகிய கைக்கு முக்கால் மணி நேர வேலை. நாளுக்கு ஆயிரம் சொற்கள் என்று தொடங்குபவர்கள் இரண்டாம் வாரத்தில் மூன்று நாள் தவறவிட்டு, அந்த மூவாயிரத்தைக் கடனாக நினைத்து, மேசைப் பக்கமே போவதில்லை. தவறிய நாளை ஈடுகட்ட முயலக் கூடாது. போனது போகட்டும், அடுத்த நாளுக்கு மறுபடி 300 மட்டும்.

நிறுத்தும்போது எழுதிவைப்பது

எழுதி முடித்து எழுந்திருக்கும் முன் கடைசி ஐந்து நிமிடத்தை நிறுத்துக் குறிப்புக்கு ஒதுக்குங்கள். கோப்பின் அடியிலேயே, கதையிலிருந்து பிரித்து, மூன்று விஷயம் போதும். அடுத்த வாக்கியம் எது என்று தெரிந்தால் அதை அரைகுறையாகவாவது எழுதிவையுங்கள். இந்தக் காட்சியில் யாருக்கு என்ன தெரியும், யாருக்கு இன்னும் தெரியாது என்பதைக் குறியுங்கள். மூன்றாவது, உங்களை இப்போது உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சந்தேகம்: 'சித்தப்பாவுக்குக் கோபம் வருவது ரொம்ப சீக்கிரமோ?' என்பதுபோல. மூன்று வாரம் கழித்துத் திரும்பும்போது உங்களை உள்ளே இழுப்பது இந்தச் சந்தேகம்தான். கதைச்சுருக்கம் எழுதிவைப்பதால் அந்தப் பயன் இல்லை. நடந்தது நினைவிருக்கும், எதை யோசித்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் மறக்கும்.

காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தாமல் காட்சியின் நடுவில் நிறுத்துவது நல்லது. முடிந்த காட்சிக்குப் பிறகு வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். பாதிப் பேச்சில் நிறுத்தினால் பதில் சொல்ல ஒரு ஆள் அங்கே காத்திருப்பார்.

திரும்பி வரும்போது எவ்வளவு படிப்பது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் கடைசி இரண்டு பக்கம் போதும். ஒரு மாதம் விட்டுப்போனால் முழுவதையும், கையில் பேனா இல்லாமல், ஒரே உட்காரலில். பேனா இருந்தால் முதல் அத்தியாயத்தைத் திருத்த ஆரம்பித்துவிடுவோம். நாலு இடைவெளிக்கு நாலு முறை திருத்திய முதல் அத்தியாயம் மெருகேறி மினுங்கும், ஏழாம் அத்தியாயம் எழுதப்பட்டே இருக்காது. இப்படி நின்றுபோன நாவல்கள் தமிழில் எத்தனை வீடுகளில் இருக்கின்றனவோ.

ஒரு தனி நோட்டும் வேண்டும். நாவல் என்றால் கட்டாயம், சிறுகதைக்கும் உதவும். யார் எந்த ஆண்டில் பிறந்தார், எந்த ஆண்டில் பத்தாவது எழுதினார், யார் யாருக்கு என்ன முறை, யார் எப்படிக் கூப்பிடுகிறார். விட்டு விட்டு எழுதும்போது முதலில் கெடுவது இதுதான். மூன்றாம் அத்தியாயத்தில் சித்தியாக இருந்தவள் பதினொன்றில் பெரியம்மா ஆகிவிடுவாள். வீட்டின் வாசல் கிழக்கிலிருந்து தெற்குக்குப் போய்விடும். பருவமும் திதியும் இன்னும் மோசம். தீபாவளி இரவில் நிலா காய்வதாக எழுதிவிடுவோம். அது அமாவாசையை ஒட்டிய இரவு, இருட்டு. முழுநிலா வேண்டுமென்றால் கார்த்திகை தீபத்துக்கோ தைப்பூசத்துக்கோ காட்சியை மாற்ற வேண்டும். நுங்கு சித்திரை வைகாசியில் கிடைக்கும், மார்கழியில் வண்டியில் வராது. ஊர்க்காரர் ஒருவர் படித்தால் இந்த ஒரு இடத்திலேயே புத்தகத்தின் மீதிருந்த நம்பிக்கை போய்விடும். ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே மாதம், திதி, கிழமை மூன்றையும் நோட்டில் குறித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கண்ணும் கழுத்தும்

நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில் வெள்ளெழுத்து வரும். கண்ணின் வில்லை இறுகி, கிட்டப் பார்வைக்கு வளைந்துகொடுக்காமல் போவதுதான் காரணம். எல்லோருக்கும் வரும், கண்ணாடி போடாமல் தள்ளிப்போட்டால் பார்வை கெட்டுவிடாது, ஆனால் எழுதும் நேரம் கெடும். மாலையில் தலைவலி வந்து அரை மணியில் எழுந்துவிடுவோம், அதை எழுத வரவில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

புத்தகம் கண்ணிலிருந்து ஏறக்குறைய 40 செ.மீ. தூரத்தில் இருக்கும். கணினித் திரை 60 முதல் 70 செ.மீ. இரண்டுக்கும் ஒரே பவர் சரிவராது. 1ஐ மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் தேவைப்படும் குவியத்திறன் கிடைக்கும்: 40 செ.மீ.க்கு 2.5, 60 செ.மீ.க்கு 1.67. இதில் ஒரு பகுதியைக் கண்ணே இன்னமும் செய்துகொள்ளும், மீதிக்குத்தான் கண்ணாடி. ஆகவே திரைக்கான கண்ணாடி படிக்கும் கண்ணாடியைவிட அரை முதல் முக்கால் பவர்வரை குறைவாக இருப்பது வழக்கம். படிக்கும் கண்ணாடியோடு கணினியில் உட்கார்ந்தால் எழுத்து தெளிவதற்காக முன்னால் குனிவோம், தோள் வலிக்கும். தூரம், கிட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே வில்லையாக வரும் புரோகிரஸிவ் கண்ணாடி என்றால் கிட்டப் பார்வைப் பகுதி கீழே இருப்பதால் முகவாயைத் தூக்கித் தூக்கிப் பார்ப்போம், பின்கழுத்து பிடித்துக்கொள்ளும். இதற்கு இரண்டு வழி. திரையைத் தாழ்த்தி வையுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு நன்றாகவே கீழே இருக்கட்டும். அல்லது திரைக்கென்று தனிக் கண்ணாடி வாங்கி மேசையிலேயே வையுங்கள். கண் பரிசோதனைக்குப் போகும்போது வீட்டில் டேப் வைத்து அளந்த திரைத் தூரத்தை எழுதிக்கொண்டு போங்கள். அதைக் கேட்காமலேயே கண்ணாடி எழுதிக்கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது.

சர்க்கரை ஏறி இறங்கும் நாள்களில் பரிசோதிக்க வேண்டாம். ரத்தச் சர்க்கரை மாறும்போது வில்லையின் நீர்ச்சத்து மாறி, பவரும் தற்காலிகமாக மாறும். அன்று வாங்கிய கண்ணாடி, சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் ஒத்துவராது. சில வாரம் நிலையாக இருந்த பிறகு போவது நல்லது.

எழுத்தளவு 14 அல்லது 16, வரி இடைவெளி ஒன்றரை. தமிழில் முதலில் கண்ணுக்குத் தப்புவது புள்ளி. சிறிய எழுத்தில் 'க'வும் 'க்'கும் ஒன்றாகத் தெரியும், ரகரமும் துணைக்காலும் குழம்பும். திருத்தம் பார்ப்பதற்கு மட்டுமாவது தாளில் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் இருக்கும் பெண்களுக்கு இரவு இரண்டு மூன்று மணிக்கு வியர்த்து விழிப்பு வருவதும், பழகிய சொல்லே நாக்கில் வராமல் நழுவுவதும் உண்டு. திறமை போய்விட்டதென்று அந்த மாதங்களில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள், சிகிச்சை இருக்கிறது. அந்த நாள்களில் புதிதாக எழுதுவதைவிடத் தட்டச்சு செய்வது, பழைய குறிப்பைப் பெயர்த்து எழுதுவது, நோட்டைச் சரிபார்ப்பது போன்ற வேலைகள் ஓடும். எழுத்தோடு உறவு அறாமல் இருக்க அது போதும்.

கை வலிப்பவர்கள் குரல்வழித் தட்டச்சை முயலலாம். கைபேசியின் கூகுள் விசைப்பலகையில் தமிழுக்கு அந்த வசதி இருக்கிறது. எழுத்துநடையில் சொன்னால் பெரும்பாலும் சரியாக வரும். வட்டார வழக்கில் சொன்னால் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிப் போட்டுவிடும். ஊர்ப்பெயர், ஆட்பெயர், ஒற்று மூன்றும் தவறும். சொன்ன அன்றே திருத்திவிட வேண்டும். நாலு நாள் கழித்துப் பார்த்தால் நீங்கள் சொன்னது என்ன என்று உங்களுக்கே பிடிபடாது. தட்டச்சைப் புதிதாகப் பழகுவதென்றால் தமிழ்99. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. 'க'வை இருமுறை அடித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழுந்து 'க்க' ஆகும். ஒரு மாதம் பழகினால் விரல் தேய்மானம் வெகுவாகக் குறையும்.

வீடு

எழுதுவதற்கு வீட்டில் அனுமதி கேட்பதில்லை, அறிவிப்பதும் இல்லை. யாரும் கவனிக்காத நேரத்தில் திருட்டுத்தனமாக எழுதிக்கொள்கிறோம். பெண்களுக்கு இது பல தலைமுறை வழக்கம். கவிஞர் சல்மா துவரங்குறிச்சி வீட்டில் கழிவறைக்குள் நின்று எழுதியதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அத்தனை தடை இல்லாத வீட்டிலும் 'கொஞ்சம் எழுதணும்' என்று சொன்னால் அது யார் காதிலும் விழாது. கிழமையும் மணியும் சொல்ல வேண்டும்: செவ்வாய், வியாழன், சனி, காலை ஐந்தரை முதல் ஆறேகால். அந்த நேரத்தில் பால் காய்ச்சுவது யார், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக்கொடுப்பது யார் என்றும் சேர்த்தே பேசி முடிக்க வேண்டும். நேர நிர்வாகம் பற்றிய அறிவுரைகள் இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடுகின்றன. அதனால்தான் அவை ஆண்களுக்குப் பலிப்பதும் பெண்களுக்குப் பலிக்காததும். வீட்டில் ஒருவர் எழுதினால் இன்னொருவர் அந்த நேரத்தில் அடுப்படியில் இருக்கிறார். எழுதும் ஆண்கள் வாரத்தில் இரண்டு நாளாவது அந்த இடத்தை முழுப் பொறுப்போடு எடுத்துக்கொள்வது நியாயம். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு 'என்ன சமைக்கட்டும்?' என்று கேட்பது பாதி வேலையைத் திரும்ப அவர்களிடமே தள்ளுவதாகும்.

முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு நாள் என்பது கையில் இல்லை. மருத்துவமனை வராந்தாவில் புதிய பக்கம் எழுத முடியாது, முயலவும் வேண்டாம். சின்ன நோட்டில் நாளுக்கு மூன்று வரி: கேட்ட ஒரு பேச்சு, பார்த்த ஒரு பொருள், ஒரு வாசனை. தேதி போட்டு. உணர்ச்சியை எழுத வேண்டியதில்லை, அது பின்னால் தானே வரும். ஆனால் மாத்திரை டப்பாவின் நிறமும் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னதும் திரும்ப வராது.

பெற்றோர் இருக்கும்போதே அவர்கள் பேச்சைப் பதிவு செய்துவிடுங்கள். நடுவயதில் செய்ய முடிந்து, பத்தாண்டில் கைநழுவிப் போகிற வேலை இது. கைபேசியை மேசையில், அவர்கள் மடியிலிருந்து ஒரு முழம் தள்ளி, துணிமேல் வையுங்கள். மேசையில் நேரே வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தமெல்லாம் இடியாகப் பதியும். மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் வைக்கவும், முடிந்தால் நிறுத்தவும். விமானப் பயண நிலையில் போட்டுவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறாது. நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் களைத்துப்போய்ச் சுருக்கிச் சொல்வார்கள்.

கேள்விதான் முக்கியம். 'அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?' என்றால் 'கஷ்டம்தான்' என்று முடிந்துவிடும். 'அடுப்படி எந்தப் பக்கம் இருந்துச்சும்மா?', 'கிணத்துல எத்தனை உறை?', 'மொத சம்பளத்துல என்ன வாங்குனீங்கப்பா?', 'உங்க கல்யாணத்துக்கு எந்த வண்டில வந்தாங்க?' என்று பொருளைக் கேளுங்கள். ஒரு அடுப்படியை விவரிக்கும்போதே அங்கே பட்ட அடியும் பசியும் தாமாக வெளியே வரும். பழைய போட்டோவை ஒன்றொன்றாகக் காட்டுங்கள், ஓரத்தில் நிற்பவர் யார் என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். அவர்கள் நினைவு வைத்திருக்கும் விதமே உங்களுக்கு வேண்டியது. ஆண்டையும் தேதியையும் பிறகு பத்திரங்களில் பார்த்துக்கொள்ளலாம். கேட்டு எழுத, பதிவின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நேரமாவது பிடிக்கும். அவர்கள் சொல்லை எழுத்துநடைக்கு மாற்றாதீர்கள். 'ரவைக்கு', 'வெள்ளனே', 'கருக்கல்ல' எல்லாம் அப்படியே இருக்கட்டும். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், யார், எதைப் பற்றி என்று வையுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறொரு வீட்டில். கைபேசியில் மட்டும் இருக்கும் பதிவு, கைபேசி தண்ணீரில் விழும்வரைதான்.

குடும்பத்தைப் பற்றி எழுதுவதில் பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பது தவறு. ஒரு தெருவில் தையல் கடை வைத்திருந்து, இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு, காசநோயில் இறந்தவர் ஒருவர்தான் இருப்பார். பெயர் எதுவானாலும் ஊருக்கு அவரைத் தெரியும். தொழில், உறவுமுறை, சம்பவங்களின் வரிசை ஆகிய மூன்றில் இரண்டையாவது மாற்ற வேண்டும். புனைவு என்று போடாமல் நேரடியாக எழுதும்போது, உயிரோடு இருப்பவரை அடையாளம் காட்டும் பகுதியை அச்சுக்கு முன் அவருக்குப் படித்துக்காட்டுங்கள். கதை என்றால் படித்துக்காட்ட வேண்டியதில்லை, இப்படி ஒன்று வருகிறது என்று வாயால் சொன்னால் போதும். பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கலாம்: அவர்கள் உடல், மதிப்பெண், காதல் மூன்றையும், பதினெட்டு தாண்டி அவர்களே சம்மதிக்கும்வரை, எழுதாமல் இருப்பது. பெற்றவர் எழுத்தாளர் என்பதற்காகத் தங்கள் வாழ்க்கை ஊரார் கையில் போவதை அவர்கள் ஏற்க வேண்டிய கடமை இல்லை.

கைப்பிரதியை யாருக்குக் கொடுப்பது

இடைசெவல் என்ற ஒரே ஊரில் வளர்ந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். அழகிரிசாமி வேலைக்காகச் சென்னைக்கும் மலேயாவுக்கும் போனார், கி.ரா. ஊரிலேயே இருந்தார். நட்பு கடிதத்தில் தொடர்ந்தது. அழகிரிசாமி 1970இல் காலமான பிறகும் அந்தக் கடிதங்கள் கி.ரா.விடம் பத்திரமாக இருந்தன, பின்னால் நூலாகவும் வந்தன. எழுத்து வாழ்க்கையில் இப்படி ஒரு ஆள் போதும். கல்லூரி நண்பர்கள் ஆளுக்கொரு ஊரில், வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் வருகிறது, பக்கத்தில் உட்கார்ந்து பேச யாரும் இல்லை என்பது நாற்பதுகளின் பொதுவான நிலை. இளவயதில் நட்பு தானாக நடந்தது. டீக்கடையும் அறையும் அதைப் பார்த்துக்கொண்டன. இப்போது அதற்கும் தேதி குறிக்க வேண்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை, ஒரே நாள், ஒரு மணி நேரம் தொலைபேசி. பேச விஷயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கைப்பிரதி கொடுக்கும்போது அச்சிட்டுக் கொடுங்கள், இருபது பக்கத்துக்கு மேல் வேண்டாம், மூன்று பேருக்கு மேல் வேண்டாம். மூன்று வாரம் தவணை சொல்லுங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்பதைத் தவிர நண்பரால் வேறு எதுவும் சொல்ல முடியாது. கேட்க வேண்டியவை வேறு: எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்? யாரை யார் என்று குழம்பினீர்கள்? எந்த இடத்தை நம்ப முடியவில்லை? பதில் சொல்லும்போது விளக்கம் கொடுக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துத் திருத்துங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே பழுது நிச்சயம் இருக்கிறது. ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் மருந்து பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. பழுதின் வேர் இரண்டு பக்கம் முன்னால் இருக்கும். அவர்கள் எழுதியதை இதே கவனத்தோடு நீங்களும் படிக்க வேண்டும். எழுதாத நண்பர் என்றால் அவர் மகனின் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையைப் பார்த்துக்கொடுங்கள்.

எழுத்து நட்புகள் முறிவது கருத்து வேறுபாட்டால் என்று வெளியே சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் காரணம் அணிந்துரை, விமரிசனம், வெளியீட்டு விழா, அச்சிடக் கைமாற்றாக வாங்கிய பணம். நெருங்கிய நண்பரிடம் அணிந்துரை கேட்காதீர்கள். பிடிக்காவிட்டால் சொல்ல முடியாத இடத்தில் அவரை நிறுத்திவிடுகிறீர்கள். விமரிசனம் எழுதச் சொல்லவே வேண்டாம். விழாவுக்கு அழையுங்கள், வராவிட்டால் காரணம் கேட்காதீர்கள். பணத்தை எழுதி, தேதி போட்டு, அந்தத் தேதிக்குத் திருப்பிவிடுங்கள்.

அஞ்சலிக் கட்டுரைகள் எழுத வேண்டிவரும் வயதும் இதுதான். இறந்த அன்றே எழுதச் சொல்வார்கள். அன்று பத்து வரி மட்டும் கொடுங்கள். கட்டுரை பதினாறாம் நாளுக்குப் பிறகு. பிறந்த ஆண்டு, பெயரின் தலைப்பெழுத்து, நூல்களின் ஆண்டு ஆகியவற்றைக் குடும்பத்தாரிடம் கேட்டுச் சரிபாருங்கள்; அஞ்சலியில் வந்த பிழை அடுத்தவர் கட்டுரைக்கும் போய் நிலைத்துவிடும். எந்த நோயில் இறந்தார் என்பதை வீட்டார் சம்மதம் இல்லாமல் எழுத வேண்டாம். 'நான்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று கடைசியில் எண்ணிப் பார்த்து, பாதியாக்குங்கள்.

அச்சுக்குப் போகும்போது

சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடப்பதால் பதிப்பகங்கள் எல்லாம் டிசம்பரில் நெருக்கியடித்து அச்சிடுகின்றன. நவம்பரில் கொடுத்த கைப்பிரதிக்கு ஒரே ஒரு மெய்ப்பு, அதாவது பிழை திருத்தப் பார்க்கும் அச்சுப்படி, கிடைத்தால் அதிர்ஷ்டம். ஜூலை, ஆகஸ்ட்டில் கொடுத்துவிடுங்கள், இரண்டு மெய்ப்பு கேளுங்கள். யுனிகோடில் கொடுத்த கோப்பை வடிவமைப்பாளர் பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருந்தால் கொம்பும் காலும் சேரும் எழுத்துகளை (கொ, கோ, கௌ), கிரந்த எழுத்துகளை, மேற்கோள் குறிகளை, எண்களைத் தனியாக ஒருமுறை பார்க்க வேண்டும். மெய்ப்பில் செய்த திருத்தங்கள் வடிவமைப்பாளரின் கோப்பில் மட்டும் இருக்கும், உங்கள் கணினியில் இருப்பது பழையதாகிவிடும். அச்சுக்குப் போன இறுதி வடிவத்தை யுனிகோடாகத் திருப்பி வாங்கி வைக்காவிட்டால், பத்தாண்டு கழித்து வேறு பதிப்பகம் மறுபதிப்பு போடும்போது பழைய பிழைகள் எல்லாம் உயிர்த்தெழும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். 19ஆம் பிரிவு எழுத்தாளருக்கு நல்ல காவல். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகும். ஆகவே 'எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்' என்ற வரி இருந்தால் கையெழுத்துக்கு முன் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். ராயல்டி விலையில் 10 சதவீதம் என்பது பொதுவான பேச்சு. 300 ரூபாய் நூல் 500 படி விற்றால் 15,000 ரூபாய். இந்தக் கணக்கை முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது, புத்தகம் வந்தால் பணம் வரும் என்ற எதிர்பார்ப்போடு அவர்கள் தியாகம் செய்துகொண்டிருக்கக் கூடாது. சொந்தமாக வெளியிடுபவர்கள் நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, நூலாசிரியரே விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக, பலரும் பேசத் தயங்குவது. இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு நீடிக்கும். இலங்கையில் 70 ஆண்டு. அதாவது நீங்கள் எழுதியது உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை யாரோ ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும். யாருக்கு என்று சொல்லாமல் போனால் எல்லா வாரிசுக்கும் பங்கு. மறுபதிப்புக்கு அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் பேச்சு வார்த்தை இல்லை என்றால் புத்தகம் அப்படியே நின்றுபோகும். பாரதியின் படைப்புகளில் தொடங்கித் தமிழ்நாடு அரசு பலருடைய நூல்களை நாட்டுடைமையாக்கி வாரிசுகளுக்குத் தொகை வழங்கியிருக்கிறது. அதற்கும் வாரிசு யார் என்று ஆவணம் காட்ட வேண்டும்.

உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், பதிவு கட்டாயமில்லை, பதிந்தால் நல்லது. இரண்டு சாட்சிகள், நீங்கள் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவர்கள், கையொப்பமிட வேண்டும். உயிலால் பயனடைபவர் சாட்சியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முஸ்லிம்களுக்கு விதிகள் வேறு, வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளவும். வெளிவராத படைப்பின் கைப்பிரதியை உயிலில் ஒருவருக்குக் கொடுத்தால், வேறு விருப்பம் தெரிவிக்காதவரை, அதன் பதிப்புரிமையும் அவருக்கே போகும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. நினைவாக இருக்கட்டும் என்று தங்கைக்கு ஒரு நோட்டைக் கொடுத்து, உரிமை மகளுக்குப் போக வேண்டும் என்று நினைத்தால் அதை எழுத்தில் சொல்ல வேண்டும். உயிலோடு ஒரு தாள் இணையுங்கள்: நூல்களின் பட்டியல், ஒவ்வொன்றின் ஒப்பந்தத் தேதி, எப்போது முடிகிறது, இறுதிக் கோப்பு எந்தக் கணினியில் எந்தக் கோப்புறையில் இருக்கிறது, மின்னஞ்சலைத் திறக்கும் வழி, எதை வெளியிடலாம், எதைப் பிரிக்காமல் எரித்துவிட வேண்டும். இந்தத் தாளை ஆண்டுக்கு ஒருமுறை திருத்தி, பழையதைக் கிழித்துவிடுங்கள். வீட்டில் ஒருவருக்கும் கைப்பிரதி படிக்கும் அந்த நண்பருக்கும் அது இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.